வாயில் அடைகாக்கும் சிக்லிட்: எந்த நாளில் தவறுகிறது, ஏன், என்ன செய்வது

ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளில் வாழும் சிக்லிட் மீன்களை வீட்டுத் தொட்டியில் பெருக்குபவர்கள் முதலில் வாங்கவேண்டியது ஒரு நோட்டு. பெண் முட்டையை வாயில் எடுத்த தேதியை அதில் குறித்து வையுங்கள். 3-ம் நாளில் வாய் காலியானால் அதற்கு ஒரு காரணம், 12-ம் நாளில் காலியானால் முற்றிலும் வேறு காரணம். தேதி தெரியாவிட்டால் தண்ணீரையும் தீவனத்தையும் மருந்தையும் மாற்றி மாற்றி முயன்றுகொண்டே இருப்பீர்கள்.

26 டிகிரி செல்சியஸில் மலாவியின் எம்புனா (பாறை இடுக்குகளில் வாழ்பவை), பீகாக் வகைகளுக்குக் கணக்கு இப்படி ஓடும். முட்டையிட்ட நாள் பூஜ்யம். கருவுறாத முட்டை 3-ம் நாளுக்குள் வெளுத்துவிடும். 5, 6-ம் நாளில் முட்டை பொரிந்து, பெரிய மஞ்சள்கருப் பையின் மேல் வால் ஒட்டவைத்த மாதிரி ஓர் உருவம் வரும். 18 முதல் 21-ம் நாளுக்குள் பை கரைந்து வயிறு மூடும். தாய் 21 முதல் 28 நாளுக்குள் குஞ்சுகளை வெளியே விடும். 28 டிகிரி என்றால் இரண்டு மூன்று நாள் முந்தும், 24 டிகிரி என்றால் அதேபோல் பிந்தும். டாங்கனிக்காவின் ட்ரோஃபியஸ் நான்கு வாரத்தை ஒட்டியோ அதற்கு மேலுமோ வைத்திருக்கும். அதன் முட்டை பெரியது, ஆனால் ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒருமுறை இடுவதில், பெரும்பாலும் 5 முதல் 15தான். எகிப்திய மவுத்ப்ரூடர் (மவுத்ப்ரூடர் என்றால் வாயில் அடைகாக்கும் மீன்) ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வேலையை முடித்துவிடும்.

ஆண் விடாமல் துரத்துகிறது, முட்டை மட்டும் வரவில்லை

முதலில் பாலினத்தை உறுதிப்படுத்துங்கள். ஆசனத் துடுப்பில் (வாலுக்கு முன்னே அடியில் உள்ள துடுப்பு) மஞ்சள் பொட்டு இருந்தால் ஆண் என்று முடிவு செய்யாதீர்கள். பல இனங்களில் பெண்ணுக்கும் பொட்டு உண்டு. எல்லோ லாப் போன்றவற்றில் இரண்டுக்கும் ஒரே நிறம். ஈரக் கையில் மீனை மல்லாத்தி, வயிற்றுக்கும் ஆசனத் துடுப்புக்கும் நடுவில் உள்ள இரண்டு துளைகளைப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் ஆண். துடுப்புப் பக்கத்துத் துளை தெளிவாகப் பெரிதாகவும் வட்டமாகவும் இருந்தால் பெண். 5 செ.மீ.க்குக் குறைந்த மீனில் இப்படிப் பார்த்துச் சொல்வது கடினம், காத்திருப்பதே நல்லது.

பாலினம் சரியாக இருந்தால் அடுத்து எண்ணிக்கை. ஓர் ஆணுக்கு ஒரே பெண் என்றால் அந்தப் பெண் முட்டை வைக்கும் முன்பே களைத்துப்போகும். எம்புனாவில் ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண்கள் வேண்டும். அப்போது துரத்தல் பலர் மேல் பங்கிடப்படும். ட்ரோஃபியஸ், டெமசோனி (ஓர் எம்புனா) இரண்டையும் பதினைந்துக்குக் குறையாத கூட்டமாக வைத்தால்தான் அடிதடி ஓர் எல்லைக்குள் நிற்கும்.

இவையும் சரி என்றால் இடமும் தண்ணீரும் பாருங்கள். தட்டையான கல் ஒன்று, அல்லது பக்கவாட்டில் சாய்த்த மண் பூந்தொட்டி ஒன்று, ஆணின் எல்லைக்குள் இருக்கவேண்டும். மலாவி மீனுக்கு பி.எச். 7.8 முதல் 8.6, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. கார்பனேட் கடினத்தன்மை குறைவாக இருந்தால் பி.எச். நிலைக்காது. 50 லிட்டரில் 1.5 கிராம் சமையல் சோடா கரைத்தால் அந்தக் கடினத்தன்மை ஒரு டிகிரி (dKH) உயரும். ஒரே நாளில் அதை இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டு மூன்று வாரம் நல்ல தீவனம் கொடுத்து, வாரத்துக்கு 30 சதவீதம் தண்ணீர் மாற்றிவந்தால் பெரும்பாலும் தண்ணீர் மாற்றிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆண் நிறம் ஏறிக் கல்லைச் சுத்தம் செய்யத் தொடங்கும்.

பெண் சாப்பிடுவதில்லை: வாயில் முட்டையா, வயிற்றில் நோயா?

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நோயுற்ற மீனை மூன்று வாரம் 'அடைகாக்கிறது' என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் இருந்தும் கீழிருந்தும் பாருங்கள். முட்டை இருந்தால் தாடைக்குக் கீழே, இரண்டு செவுள் மூடிகளுக்கு நடுவே உள்ள தோல் பை போலத் தொங்கும். வெளிர் நிற மீனில் அந்தத் தோலின் வழியே உருண்டைகள் நிழலாகத் தெரியும். வாயை முழுக்க மூடாது. சில விநாடிக்கு ஒருமுறை எதையோ மெல்லுவது போலத் தாடை அசையும். அது முட்டைகளைப் புரட்டும் அசைவு. தீவனம் போட்டால் கிட்டே வந்து பார்க்கும், சில சமயம் ஒரு துணுக்கை வாயில் எடுத்துத் துப்பும். கண்ணில் உயிர் இருக்கும்.

புளோட் (வயிற்று நோய்) என்றால் தாடை ஒட்டியிருக்கும், வயிறு உப்பும், மலம் வெள்ளை நூலாகத் தொங்கும். மூச்சு வேகமாக வாங்கும், தனியாக மேற்பரப்பிலோ மூலையிலோ நிற்கும். இதற்குத் தனித்தொட்டி, மெட்ரோனிடசோல் 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள் 25 சதவீதம் தண்ணீர் மாற்றி மறுபடி அதே அளவு, மொத்தம் மூன்று முறை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. பாசி மேயும் எம்புனாவுக்கும் ட்ரோஃபியஸுக்கும் மாட்டு இதயம், புழு என்று கொழுத்த தீவனம் கொடுத்துவந்தால் இந்த நோய் அடிக்கடி வரும். ஸ்பைருலினா அடிப்படையிலான பெல்லட்டே அவற்றுக்குத் தினசரித் தீவனமாக இருக்கட்டும்.

இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் வாய் காலி

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். காரணம் பெரும்பாலும் கருவுறாமை. வெளுத்த முட்டையைத் தாய் விழுங்கிவிடுகிறது, அவ்வளவே. 'முட்டை தின்னும் பெண்' என்று அதன் மேல் பழி போட்டு விற்றுவிடுவது அநியாயம்.

கருவுறுதல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே கெடுகிறது என்பதும் புரியும். பெண் ஒன்றிரண்டு முட்டையிட்டு உடனே திரும்பி வாயில் எடுக்கும். ஆண் பக்கவாட்டில் நடுங்கியபடி ஆசனத் துடுப்பை விரித்துக் காட்டும். அந்தப் பொட்டுகளைப் பெண் கொத்தும்போது விந்து அதன் வாய்க்குள் போகிறது, அங்கேதான் முட்டை கருவுறுகிறது. அந்தப் பொட்டுகள் போலி முட்டைகளாக வேலை செய்கின்றன என்று 1962-ல் வோல்ஃப்காங் விக்லர் விளக்கினார். சுற்றிச் சுற்றி வரும் இந்த ஆட்டம் முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ தொடரும். நடுவில் வேறொரு மீன் புகுந்தால் ஆண் அதை விரட்டப் போய்விடும், பெண் இட்ட முட்டைகள் விந்து சேராமலே வாய்க்குள் போகும்.

ஆகவே வரிசையாகப் பாருங்கள். ஆணுக்கு ஆறு, எட்டு மாதமாவது ஆகியிருக்கிறதா? இளம் ஆணின் முதல் சில ஈடுகள் வீணாவது வழக்கம். பெண்ணுக்கு இது முதல் முறையா? அப்படியானால் மூன்று ஈடு வரை பொறுங்கள். கல்லின் மேல் பவர்ஹெட் (நீரோட்ட பம்ப்) நேராக அடிக்கிறதா? திசையைத் திருப்புங்கள். கூட்டத்தில் இன்னோர் ஆண் சமபலத்தோடு இருக்கிறதா? ஒன்றை மாற்றுங்கள். தொட்டியில் ஆணே இல்லாவிட்டாலும் பெண் முட்டையிட்டு வாயில் சில நாள் வைத்திருக்கும் என்பதால், 'வாயில் எடுத்தது' என்பதே ஆண் இருப்பதற்குச் சாட்சியாகாது.

கருவுறாமையா, பதற்றமா என்று பிரித்தறிய ஒரு சோதனை. அடுத்த ஈட்டில் 3-ம் நாள் நான்கைந்து முட்டைகளை மட்டும் வெளியே எடுத்துப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்புத் துண்டு போல் இருந்தால் கருவுறவில்லை, மேலே சொன்ன பட்டியலுக்குத் திரும்புங்கள். மஞ்சளாகவோ தேன் நிறமாகவோ தெளிவாக இருந்தால் முட்டை நல்லது. தாய்தான் அச்சத்தில் விழுங்குகிறது. அப்போது ஒளியும் இடம் போதவில்லை என்று பொருள். கல் இடுக்குகளைக் கூட்டுங்கள், முதல் பத்து நாளுக்கு அந்தத் தொட்டியில் கையே விடாதீர்கள்.

பத்து நாள் தாண்டியபின் துப்பிவிட்டது

இந்த நாளில் உள்ளே இருப்பது நல்ல உயிர். துப்பியது என்றால் வெளிக்காரணம் தேடுங்கள்: வலை போட்டீர்கள், தொட்டியை மாற்றினீர்கள், தண்ணீர் மாற்றியதில் வெப்பம் மூன்று டிகிரி இறங்கியது, அல்லது ஆக்சிஜன் குறைந்தது. வாய் நிறைய சுமையுள்ள மீனுக்குச் செவுள் வழியே நீர் ஓடுவது குறைவு, மற்ற மீன்களுக்கு முன் அதற்குத்தான் திணறும். ஏர் ஸ்டோனைக் கூட்டுங்கள்.

பெண்ணைத் தனித்தொட்டிக்கு மாற்றுவதாக இருந்தால் 10-ம் நாளுக்குப் பின், விளக்கு அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, மங்கிய டார்ச் வெளிச்சத்தில் மாற்றுங்கள். நெருக்கமான கண்ணியுள்ள மென்வலை வேண்டும், துப்பினாலும் உள்ளேயே தங்கும். நீரை விட்டு வெளியே தூக்காமல், வலைக்கு அடியில் ஒரு டப்பாவை இறக்கி நீரோடு சேர்த்து எடுங்கள். டப்பாவுக்குள் துப்பிவிட்டால் பதறவேண்டாம். மூடி இருட்டாக்கி அரைமணி விட்டால் பல பெண்கள் திரும்ப வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். எடுக்கவில்லை என்றால் கீழே சொல்லும் எக் டம்ளருக்குப் போகவேண்டியதுதான்.

பெண் மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது

முதுகு கத்தி போலவும் வயிறு உள்வாங்கியும் இருந்தால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். 15 முதல் 18-ம் நாளுக்குள் குஞ்சுகளை நீங்களே எடுத்துவிடலாம். இதை ஸ்ட்ரிப்பிங் என்பார்கள். இதற்கு முன்பு எடுத்தால் வேலை அதிகம், உயிர்ச்சேதமும் அதிகம். நன்றாக இருக்கும் பெண்ணிடம் எடுக்க அவசரமே இல்லை.

அகலமான டப்பாவில் அதே தொட்டித் தண்ணீரை 10 செ.மீ. உயரம் நிரப்புங்கள். கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை மீனின் மேல்பூச்சை உரித்துவிடும். இடக்கையில் மீனைத் தலை கீழாக, வால் உங்கள் மணிக்கட்டுப் பக்கமாகப் பிடியுங்கள். பிடி செவுள் மூடிக்குப் பின்னால் இருக்கட்டும், வயிற்றை அழுத்தக் கூடாது. வாய் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கவேண்டும். முனை மழுக்கிய பிளாஸ்டிக் குச்சியால் கீழ்த்தாடையை மெல்ல இறக்கித் திறந்து பிடித்து, மீனை நீரில் ஓரங்குலம் முன்னும் பின்னும் அசையுங்கள். நீர் செவுள் வழியாகப் பின்னோக்கிப் புகுந்து குஞ்சுகளை வெளியே தள்ளும். முதலில் இரண்டு, பிறகு கொத்தாக விழும். நிறம் ஆரஞ்சு, கண் இரண்டும் கருமணி, ஒவ்வொன்றும் பையைச் சுமந்து அடியில் படபடக்கும். பத்து விநாடி செய்து, மீனை நீருக்குள் மூச்சுவிட வைத்து, மறுபடி செய்யுங்கள். மூன்றாவது முறையும் எதுவும் வராவிட்டால் நிறுத்துங்கள். தொண்டையில் இரண்டொன்று ஒளிந்திருக்கும், தாடையை இழுத்துக் கிழிப்பதைவிட அவற்றை விட்டுவிடுவது மேல்.

எடுத்தபின் தாயை உடனே கூட்டத்தில் விடாதீர்கள். ஏழு முதல் பத்து நாள் தனியே வைத்து, முதல் நாள் மிகக் கொஞ்சமாகவும் பிறகு படிப்படியாகவும் தீவனம் கொடுங்கள். பசித்த குடலில் ஒரேயடியாகத் திணித்தால் செரிக்காது.

டம்ளரில் முட்டை ஒவ்வொன்றாக வெளுக்கிறது

இங்கே டம்ளர் என்பது எக் டம்ளர்: அடியில் வலையோ ஸ்பாஞ்சோ உள்ள ஒரு தெளிவான குழாய், ஏர் பம்ப் இழுக்கும் நீர் அடியிலிருந்து மேலே போகும். தாய் வாயில் புரட்டும் வேலையை அது செய்கிறது. முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அசையாமல் கிடந்தால் நடுவில் உள்ளவற்றுக்கு ஆக்சிஜன் போகாது, செத்த ஒன்றில் பூஞ்சை பிடித்து அடுத்ததற்குத் தாவும்.

ஓட்டத்தின் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. முட்டைகள் படுக்கையை விட்டு இலேசாக எழும்பி, சோம்பலாகப் புரண்டு, திரும்ப அமரவேண்டும். உலைநீர் போலக் கொப்பளித்தால் உள்ளே கரு சிதையும், பொரித்தபின் மஞ்சள்கருப் பை உராய்ந்து கிழியும். வால்வை முழுக்க மூடிவிட்டு, மெல்லத் திறந்து, முதல் முட்டை அசைந்த இடத்தில் நிறுத்துங்கள். பொரித்த அன்றே ஓட்டத்தை இன்னும் குறைக்கவேண்டும். இதை மறந்துதான் பலர் 6, 7-ம் நாளில் மொத்த ஈட்டையும் இழக்கிறார்கள்.

வெளுத்த முட்டையைக் காலை, மாலை இருவேளையும் பிப்பெட்டால் எடுத்துவிடுங்கள். பூஞ்சையைத் தடுக்க மெத்திலீன் ப்ளூ உதவும். ஒரு சதவீதக் கரைசல் என்றால் 10 லிட்டருக்கு 2 மி.லி., அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம். டம்ளரைத் தனி டப்பாவில் வைத்து அங்கே மட்டும் போடுங்கள். முதன்மைத் தொட்டியில் விட்டால் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவும் அழியும், சிலிக்கான் ஒட்டெல்லாம் நீலமாகும். பொரித்ததும் அந்தத் தண்ணீரைப் படிப்படியாக மாற்றி மருந்தை நீக்கிவிடுங்கள்.

முதல் மூன்று நாளில் பாதிக்கு மேல் வெளுத்தால் டம்ளரைத் திருத்திப் பயனில்லை. அது கருவுறாத ஈடு.

குஞ்சு நீந்தாமல் வயிற்றால் தரையில் இழைகிறது

நாளைப் பாருங்கள். 20-ம் நாளுக்கு முன் என்றால் இயல்பே, பை கனக்கிறது. பை முழுக்கக் கரைந்தபின்னும் ஒரு வாரமாக எழும்பவில்லை என்றால் காற்றுப்பை சரியாக உருவாகவில்லை. அதிவேக டம்ளரும் மிகச் சீக்கிரம் எடுத்ததுமே இதற்குப் பெரும்பாலும் காரணம். இது தேறுவதில்லை. அடுத்த ஈட்டில் இன்னும் நான்கு நாள் தாயிடமே விடுங்கள்.

நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் கூட்டமாகச் சாகின்றன

ஒரே இரவில் என்றால் நச்சு. புதிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அன்றுதான் போட்டிருப்பீர்கள், அமோனியா ஏறியிருக்கும். காரத் தண்ணீரில் இது பல மடங்கு கொடியது. 26 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8.2 என்றால் ஏறக்குறைய 9 சதவீதம். பி.எச். 7 உள்ள தொட்டிகளில் குஞ்சு தப்பிக்கும் அதே அளவு இங்கே குஞ்சைக் கொல்லும். ஈடு வருவதற்கு ஒரு மாதம் முன்பே ஸ்பாஞ்ச் ஃபில்டரை முதன்மைத் தொட்டியில் ஓடவிட்டு, நல்ல பாக்டீரியா குடியேறும்படி பழுக்க வையுங்கள். குளோரின் நீக்காத தண்ணீரை ஊற்றினாலும் இதே விளைவுதான்.

நாளுக்கு ஒன்றிரண்டாகச் சாகின்றன என்றால் தீவனத்தைப் பாருங்கள். மவுத்ப்ரூடர் குஞ்சு பிறக்கும்போதே ஏறக்குறைய ஒரு செ.மீ. இருக்கும், நுண்ணுயிர்த் தீவனம் தேவையில்லை, நேராக ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிற்றுயிரி) குஞ்சுகளைத் தின்னும். அதன் முட்டையைப் பொரிக்க: ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் அயோடின் சேராத உப்பு, 27 டிகிரி, பலமான காற்று, வெளிச்சம். 24 முதல் 30 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அடியில் கூடும். அடியிலிருந்து உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசிக் கொடுங்கள். ஓடு சேர்ந்துபோனால் குஞ்சின் குடலை அடைக்கும். நாளுக்கு மூன்று நான்கு முறை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு. 40 லிட்டர் தொட்டி, வெறும் தரை, ஒருநாள் விட்டு ஒருநாள் 25 சதவீதம் தண்ணீர் மாற்றம், அடியில் மிஞ்சியதை உறிஞ்சி எடுத்தல் என்று நடந்தால் போதும். அளவு வேறுபட்டு வளர்ந்தால் ஐந்தாறு வாரத்தில் பெரியதையும் சிறியதையும் பிரித்துவிடுங்கள்.

குஞ்சுகள் வளர்ந்தும் தாய்தந்தை போல இல்லை

கலப்பு. பீகாக் பெண்கள் இனத்துக்கு இனம் ஒரே பழுப்பு நிறம், நமக்கும் பிரித்தறிய முடியாது. ஒரு தொட்டியில் ஒரு பேரினத்தில் ஒரே இனம் என்று வைப்பது ஒன்றே தடுப்பு. கலப்புக் குஞ்சுகளை இனப்பெயர் சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள். வாங்கியவர் அதை நம்பி மறுபடி பெருக்குவார், ஏரியில் ஒரே கரையில் மட்டும் வாழும் வடிவம் வீட்டுத் தொட்டிகளில் அப்படியே அழிந்துபோகும்.

வாயிலிருந்து மீசையுள்ள குஞ்சு வருகிறது

தொட்டியில் புள்ளிக் கெளுத்தியான சினோடான்டிஸ் மல்டிபங்டேட்டஸ் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்லிட் முட்டையிடும் நேரத்தில் நடுவில் பாய்ந்து முட்டையை விழுங்கி, தன் முட்டையைப் போட்டுவிடும். சிக்லிட் அதையும் சேர்த்து எடுத்து அடைகாக்கும். குயில் வேலை. டாங்கனிக்கா ஏரியில் இப்படி நடப்பதை 1986-ல் டெட்சு சாட்டோ பதிவு செய்தார். கெளுத்திக் குஞ்சு முந்திப் பொரித்து, வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். சிக்லிட்தான் வேண்டும் என்றால் கெளுத்தியை வேறு தொட்டிக்கு மாற்றவேண்டும், வேறு வழி கிடையாது.

திரும்ப விட்ட தாயைக் கூட்டம் அடிக்கிறது

இரண்டு வாரத்துக்கு மேல் தனியே இருந்த மீனை மற்றவை புதியவளாகத்தான் பார்க்கும். விளக்கை அணையுங்கள், நான்கைந்து கற்களை இடம் மாற்றி எல்லைகளைக் குலைத்துவிடுங்கள், எல்லாருக்கும் தீவனம் போட்டுக் கவனத்தைத் திருப்பிவிட்டு மீனை விடுங்கள். காலையில் துடுப்பு கிழிந்திருந்தால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு நாள் வைத்து மறுபடி முயலுங்கள். வயிறு பழைய அளவுக்கு வராத தாயை ஆண் இருக்கும் தொட்டியில் விடவே விடாதீர்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் அது மறுபடி முட்டை எடுத்துவிடும், அந்தப் பட்டினியை உடம்பு தாங்காது.